மேலாளரின் மெயிலுக்கு ‘ஓகே’ என்று மட்டும் பதில் போடலாமா?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஆபீஸ் மெயிலுக்கு வெறும் ‘ஓகே’ என்று பதில் அனுப்பினால் மரியாதைக் குறைவா? அது எதன் சுருக்கம், எப்படி எழுதுவது சரி?

தாராளமாகப் போடலாம், அது கொச்சையான வார்த்தை இல்லை. ஆனால் தனியாக விடாதீர்கள். ‘நாளைக்குள் ரிப்போர்ட் வேண்டும்’ என்று மேலாளர் கேட்க, ஒற்றை ‘ஓகே’ போய்ச் சேர்ந்தால் நீங்கள் மனதார ஒப்புக்கொண்டீர்களா, வேண்டாவெறுப்பாகச் சொன்னீர்களா என்று அவருக்குத் தெரியாது. நேரில் என்றால் முகமும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஓகே சார், மூன்று மணிக்குள் அனுப்பிவிடுகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் பிரச்சினையே இல்லை.

சுருக்கம் என்ன என்பதற்குக் கதைகள் நிறைய உண்டு. சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது என்று நம்பி, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அதை ‘ஓகே’ என்று ஒலிக்கும் வேறொரு எழுத்துக்கூட்டலில் எழுதிவந்தார். ஆனால் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் 1960களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஆதாரத்தோடு காட்டியது வேறு. 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் வேண்டுமென்றே எழுத்துப்பிழை செய்து அதைச் சுருக்கி விளையாடினார்கள். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ ஆக்கி, அதன் முதலெழுத்துகளான ஓ.கே.யை 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ அச்சிட்டது. கூடவே பிறந்த மற்ற சுருக்கங்கள் சீக்கிரமே மறைந்துபோக, இது மட்டும் நிலைத்ததற்கு மறு வருட அமெரிக்க அதிபர் தேர்தலும் ஒரு காரணம்: மீண்டும் போட்டியிட்ட அப்போதைய அதிபர், கிண்டர்ஹுக் ஊர்க்காரரான மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று கொண்டாடி, ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப்புகள் தொடங்கினார்கள். அவர் தோற்றார், வார்த்தை ஊரெல்லாம் பரவிவிட்டது.

இன்னொன்று, இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. அமெரிக்கரிடம் காபி வேண்டுமா என்று கேட்டு, அவர் ‘ஐ ஆம் ஓகே’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம், சரி என்று காபி போட்டுவிடாதீர்கள். அதேபோல, ஒருவர் செய்த வேலையை ‘இட் வாஸ் ஓகே’ என்று சொன்னால் அது பாராட்டு ஆகாது, சுமார் என்றுதான் அவர் காதில் விழும். மனதாரப் பாராட்ட வேண்டுமானால் ‘குட்’, ‘கிரேட்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எழுதும்போது ஓ, கே இரண்டையும் பெரிய எழுத்தில் போடுங்கள், அல்லது நான்கெழுத்தில் முழுசாக எழுதுங்கள், இரண்டும் சரிதான். ஓ பெரிதும் கே சிறிதுமாக எழுதுவதை மெயிலில் தவிர்த்துவிடலாம்.