ஷார்ஜா சம்பளத்தில் திருச்சியில் வீட்டுக் கடன்

கேள்வி: ஷார்ஜாவில் ஆறு ஆண்டுகளாக கிரேன் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். திருச்சியில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். கடன் கேட்டு வங்கிக்குப் போன என் மனைவியிடம், வருமானத்துக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தில் பாதி என் பழைய சேமிப்புக் கணக்குக்கும், மீதி உண்டியல் (வங்கியைத் தவிர்த்துத் தனியாள் மூலம் பணம் அனுப்பும் முறை) வழியாகவும் போகிறது. எனக்குக் கடன் கிடைக்குமா?
- வாசகர், ஷார்ஜா

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கவும், அதற்கு ரூபாயில் கடன் பெறவும் சட்டம் இடம் தருகிறது. விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றைத்தான் விலைக்கு வாங்க முடியாது.

உங்கள் விஷயத்தில் இடறுவது பணம் வரும் வழி. உண்டியல் சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, வியர்வை சிந்திச் சம்பாதித்த அந்தப் பணம் எந்தக் காகிதத்திலும் உங்கள் வருமானமாகப் பதிவாவதில்லை. கடன் அதிகாரி உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையில் முதலில் தேடுவது, நிறுவனத்தின் பெயரோடு மாதந்தோறும் சம்பளம் வரவான அந்த ஒற்றை வரியைத்தான். ஷார்ஜா வங்கியின் ஆறு மாத அறிக்கையில் அந்த வரியும், அங்கிருந்து அனுப்பிய தொகை இங்குள்ள என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடுவதற்கான வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வந்து சேர்ந்த வரியும் பொருந்தி நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே இந்த மாதமே என்.ஆர்.இ. கணக்கைத் தொடங்கி, முழுத் தொகையையும் அதன் வழியாக அனுப்பி, ஆறு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியர் தம் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். பலரும் அறியாமல் விட்டுவிடுவதுதான், ஆனாலும் உடனே சரிசெய்யுங்கள். சம்பளச் சான்று, வேலை ஒப்பந்தம், விசா நகல் ஆகியவற்றோடு அமீரகத்தில் ஒருவரின் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையையும் கேட்கக்கூடும் என்பதால், அங்கே கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு அதிகபட்சம் 40 லட்சம். மீதி 10 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்த 4.5 லட்சமும் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். வட்டி 8.5 சதவீதம் என்று கொண்டால், 15 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 39,400 ரூபாய். 20 ஆண்டென்றால் 34,700 ரூபாய்தான், ஆனால் மொத்த வட்டி ஏறக்குறைய 12 லட்சம் கூடிவிடும்.

நீங்கள் வர இயலாவிட்டால், இந்த வீட்டுக்கும் இந்தக் கடனுக்கும் மட்டும் என்று வரையறுத்து மனைவி பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதி, துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வையைச் செலுத்தியாக வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. உங்கள் விசா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது; கடனோ 15 ஆண்டு ஓடுவது. ஆறு தவணைக்கான தொகையை மனைவி பெயரில் வைப்பு நிதியாகப் போட்ட பிறகே பத்திரப் பதிவுக்கு நாள் குறியுங்கள். மாறும் வட்டிக் கடனாகவே வாங்குங்கள். அதை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் இல்லை என்பதால், வேலையை விட்டு ஊர் திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடையை அப்படியே அசலில் கட்டிவிடலாம்.