வசிப்பு அனுமதிக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடைத்திருக்கும் அப்பாயின்ட்மென்ட், என் ஜெர்மனி மாணவர் விசா முடிந்த பிறகுதான் வருகிறது. அதுவரை இங்கே தங்கலாமா? பகுதி நேர வேலையைத் தொடரலாமா? நடுவில் ஊருக்குப் போய் வரலாமா?

தங்கலாம், பயப்படாதீர்கள். ஆனால் உங்கள் விசா முடியும் நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் எந்த மாதம் வந்தாலும் சட்டம் பார்ப்பது விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதியைத்தான்.

சென்னையில் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்தது டி வகை விசா, அதாவது நீண்ட நாள் தங்க வருபவர்களுக்கான நுழைவு விசா. பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே வந்து முகவரியைப் பதிவு செய்த பிறகு, அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகம் (இங்குள்ளவர்கள் வாயில் ஆஸ்லாண்டர்பெஹோர்டே) வசிப்பு அனுமதி அட்டை தரும். ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 16பி பிரிவின் கீழ் வருவது அது. அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவுதான் இப்போது உங்களுக்குத் துணை. கையில் இருக்கும் விசா முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய விசாவே தொடர்வதாகக் கொள்ளப்படும். அதிலிருக்கும் வேலை அனுமதியும் சேர்ந்தே தொடரும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். இணையத்தில் ஒரு தேதியைப் பிடித்துவிட்டால் விண்ணப்பம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். தேதி முன்பதிவு செய்வது வேறு, விண்ணப்பம் கொடுப்பது வேறு. அப்பாயின்ட்மென்ட் அன்று படிவத்தோடு போகலாம் என்று காத்திருந்தால், அதற்குள் விசா முடிந்துபோயிருக்கும். அதனால் இன்றைக்கே படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட் நகல், பல்கலைக்கழகப் பதிவுச் சான்றிதழ், மருத்துவக் காப்பீட்டுச் சான்று, வாடகை ஒப்பந்தம், பணம் இருப்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊரில் இணைய விண்ணப்பம் இருந்தால் அதிலேயே ஏற்றி, முடிவில் வரும் உறுதிச் சீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். ஒரு தாள் குறைகிறதே என்று அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டாம். இருப்பதை அனுப்பி, மீதி பின்னால் வரும் என்று ஒரு வரி எழுதினால் போதும். தேதிதான் முக்கியம்.

அப்புறம், ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதற்கான சான்று அது. கட்டணம் 13 யூரோ. பல அலுவலகங்கள் கேட்டால்தான் தருகின்றன, அதனால் தயங்காமல் கேளுங்கள். மடித்து வைத்த தாளாக இருக்கும். உள்ளே மூன்று கட்டங்கள். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள். விசா இல்லாமலே வர அனுமதியுள்ள நாட்டவருக்கு ஒரு கட்டம், தாமதமாக விண்ணப்பித்தவருக்கு இன்னொன்று. உங்களுக்கு விழ வேண்டியது 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்று எழுதிய கட்டம். வேறு கட்டத்தில் குறி இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறுவது வரைக்கும் அந்த ஒரு குறிதான் பேசும்.

ஊருக்குப் போவது பற்றி: அந்த நான்காம் உட்பிரிவுச் சான்றும், காலாவதியான விசா ஒட்டிய பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருந்தால் ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம். சான்றின் தேதி நீங்கள் திரும்பும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர் இந்தத் தாளை அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். என் அறைத் தோழர் ஒருவரை அப்படித்தான் ஓரமாக நிற்கவைத்து, விசா முடிந்திருக்கிறதே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மேலதிகாரி வந்து யாருக்கோ போன் போட்டுப் பேசி, கடைசி நேரத்தில் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அவர் சீக்கிரமே போயிருந்ததால் தப்பித்தார். இப்படிப் போகத்தான் வேண்டுமென்றால் முடிந்தவரை பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் பாருங்கள், கவுண்டர் திறக்கும்போதே போய் நில்லுங்கள். சான்றே கைக்கு வரவில்லையென்றால் போகவே வேண்டாம். மின்னஞ்சல் உறுதிச் சீட்டை நம்பி வெளியே போய்விட்டால் திரும்பி வரும் வழி மிகவும் கடினம். அக்கா கல்யாணமாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும்.

வேலைக்கு வருவோம். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சிலிருந்து இந்தக் கணக்கு. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு உங்கள் விசா தேதியைப் பார்த்து வேலையை நிறுத்தப் போவதாகச் சொன்னால், அந்தச் சான்றின் நகலைக் கொடுத்து எந்தச் சட்டப் பிரிவு என்பதையும் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முடக்கக் கணக்கில் (செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதம் ஒரு பகுதியாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட்ட தொகை, இப்போதைய விதிப்படி வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992. முதல் அட்டைக்கு அதே கணக்கின் ஆதாரம் பெரும்பாலும் போதும். அட்டை பொதுவாக இரண்டு வருடத்துக்கு வரும். அதை நீட்டிக்கும்போது மறுபடி பணம் காட்டச் சொல்வார்கள். கல்விக் கடன் வாங்கி அனுப்பிய வீடுகளுக்கு அந்த நேரத்தில் இது பெரிய அடி. இப்போதே அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை வருமானத்தையும் ஆதாரமாகக் காட்டலாம்.

முதல் அட்டைக்கான கட்டணம் 100 யூரோ. கைரேகை கொடுத்த பிறகு அட்டை பெர்லினில் அச்சாகி வரச் சில வாரம் ஆகும். அலுவலகக் கடிதங்கள் தபாலில்தான் வரும் என்பதால் கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பகிர்ந்து தங்கும் வீடுகளில் பழைய ஆளின் பெயரே இருக்கும். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

விண்ணப்பம் போட்டு மூன்று மாதத்துக்கு மேல் எந்தப் பதிலும் இல்லையென்றால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவையோ மாணவர் பேரவையின் சட்ட ஆலோசனையையோ பாருங்கள். நிர்வாக நீதிமன்றத்தில் அலுவலகத்தின் செயலின்மைக்கு எதிராக வழக்குப் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பல பேரவைகளில் ஆலோசனை இலவசம்.