குறைந்த செலவில் நம்பகமான வெற்று டிவிடி வாங்குவது எப்படி?

வீட்டு விசேஷ வீடியோக்களை எழுதி வைக்க மலிவாக 50 டிஸ்க் டப்பா வாங்கினீர்கள், இரண்டு வருடத்தில் பாதி படிக்கவில்லை, இனி எந்த கம்பெனி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி பெயரைக் கேட்பதை முதலில் விட்டுவிடுங்கள். டப்பாவின் மேல் இருப்பது விற்பவர் பெயர். செய்தவர் யார் என்பது டிஸ்க்கின் உள்ளேயே பதிந்திருக்கும். அதுதான் மீடியா ஐடி.

இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளையும் ஏற்றப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். வெற்று டிஸ்க்கைப் போட்டு, எழுதும் பகுதியைத் திறந்தால் வலப்பக்கத்தில் டிஸ்க் ஐடி என்று ஒரு வரி வரும், மீடியா ஐடி அதுதான். 'எம்சிசி 004' என்றிருந்தால் வெர்பாட்டிம் நிறுவனத்தின் அசோ என்ற சாயம் (லேசர் எழுதுவது இந்தச் சாயத்தில்தான்) பூசிய, 16 எக்ஸ் வேகம் வரை எழுதும் பிளஸ்-ஆர் வகை டிஸ்க். 'எம்சிசி 03ஆர்ஜி20' அதன் மைனஸ்-ஆர் வகை (ஒருமுறை எழுதும் டிவிடியில் இவை இரண்டு வகை). 'சிஎம்சி மேக்' என்று தொடங்கினால் தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ். இதே வெர்பாட்டிம் பெயரில் லைஃப் சீரிஸ் என்று மலிவாக வருவதில் பெரும்பாலும் இந்த சிஎம்சி ஐடிதான் இருக்கும். ஒரே பெயர், இரண்டு வேறு சரக்கு. 2019-இல் வெர்பாட்டிம் வணிகத்தையே சிஎம்சி வாங்கிவிட்டது என்பதால், பழைய பெருமையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த ஐடி ஏன் முக்கியம் என்றால், ரைட்டர் (டிஸ்க் எழுதும் கருவி) அதைப் படித்துத்தான் லேசரை எவ்வளவு சக்தியில், எந்த இடைவெளியில் சுடுவது என்று முடிவு செய்கிறது. தெரிந்த ஐடிகளுக்கான அளவுகள் அதன் ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருளில், இருக்கும். தெரியாத ஐடி வந்தால் பொதுவான ஒரு கணக்கில் எழுதிவிடும். ஒருவர் வீட்டில் நன்றாக எழுதும் டிஸ்க் இன்னொருவர் வீட்டில் வீணாவது இதனால்தான். எல்லாவற்றையும்விட மோசம், நல்ல கம்பெனியின் ஐடியைத் திருடிப் பதித்த போலி. ரைட்டர் வேறு சாயத்துக்கான சக்தியில் சுடும். முதல் டிஸ்க்கிலிருந்தே பிழை குவியும். ஆகவே ஐடி சரியாக இருந்தாலும் சோதனை வேண்டும்.

கடையில் உதிரியாக ஐந்து டிஸ்க் மட்டும் வாங்குங்கள். விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை நடுவில் சாயம் வைத்து ஒட்டியது. ஒட்டு விளிம்பில் ஒழுங்கற்றோ, சாயம் ஓரத்தில் திட்டுத்திட்டாகவோ இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். காற்றும் ஈரமும் நுழைவது அந்த வழியாகத்தான்.

அடுத்து, ஐந்தையும் 8 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். ஒரு டிஸ்க்குக்கு 8 நிமிடம் போல ஆகும். "மெதுவாக எழுதினால் பாதுகாப்பு" என்று 2 எக்ஸில் எழுதச் சொல்பவர்கள் உண்டு. 16 எக்ஸுக்காகச் செய்த சாயத்துக்கு அது பொருந்தாது, பல சமயம் பிழை கூடும். முழு வேகமான 16 எக்ஸிலோ வெளி விளிம்பு கெடும். எழுதி முடித்ததும் சரிபார்ப்பு ஓடட்டும். ஆனால் அது சொல்வது "இன்று, இந்த ரைட்டரில் படிகிறது" என்பதை மட்டும்தான்.

உண்மையான சோதனைக்கு நீரோ டிஸ்க்ஸ்பீட் என்ற மென்பொருளில் வாசிப்பு வேக வரைபடம் எடுங்கள். கோடு உள்ளிருந்து வெளியே சீராக ஏறினால் நல்லது. கடைசி ஒரு ஜிபியில் பள்ளம் விழுந்தால் அந்த டப்பா வேண்டாம். லைட்ஆன் கம்பெனி ரைட்டர் வைத்திருந்தால் பிழைகளையே எண்ணலாம்: பிஐ பிழை (வாசிக்கும்போது வரும் சிறு பிழைகள்) 280-க்குள், பிஐ தோல்வி (முதல் கட்டத் திருத்தத்தில் சரியாகாதவை) 4-க்குள் இருக்க வேண்டும் என்பது தர வரம்பு. வரம்பை ஒட்டி நிற்கும் டிஸ்க்கை வாங்காதீர்கள். வயதாகும்போது பிழை ஏறவே செய்யும். புதிதிலேயே வரம்புக்கு வெகு கீழே இருந்தால்தான் தாங்கும்.

ஐந்தும் தேறினால் அதே கடையில் அதே பெட்டியிலிருந்து டப்பாவை வாங்குங்கள். இவ்வளவு எதற்கு, பத்து இருபது ரூபாய் சமாச்சாரம் என்று சிலர் சொல்வார்கள். 12 ரூபாய் டிஸ்க் 50 வாங்கி அதில் 10 எழுதும்போதே வீணானால், நல்ல டிஸ்க் ஒன்றின் விலை 15 ரூபாய். அதோடு போனால் பரவாயில்லை. நன்றாக எழுதி, பிறகு படிக்காமல் போவதில் போவது காது குத்து வீடியோ.

"புதையல்" போல விற்கப்படும் பழைய சரக்கில் எச்சரிக்கை தேவை. கிரேட்டர் நொய்டாவில் டிஸ்க் தயாரித்த மோசர் பேர் நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போனது. இன்றும் அந்தப் பெயரில் கிடைப்பது பல வருடம் கிடங்கில் கிடந்தது. எழுதாத டிஸ்க்கின் சாயமும் கெடும். 5 முதல் 10 ஆண்டு என்பதே பொதுவான கணக்கு.

டிவிடியின் 4.7 ஜிபி கணினியில் 4.38 என்றுதான் தெரியும். அதையும் நிரப்பாதீர்கள். தரவு உள்ளிருந்து வெளியே போகிறது, முதலில் கெடுவதும் வெளி விளிம்பு. 3.7 ஜிபியோடு நிறுத்தி, மிச்ச இடத்தில் டிவிடிசாஸ்டர் மென்பொருளால் பிழைதிருத்தத் தகவலைச் சேருங்கள் (அதில் ஆர்எஸ்02 என்ற முறை). கீறல் விழுந்தாலும் மீட்க வழியிருக்கும். பணம் மிச்சம் பிடிக்க இரட்டை அடுக்கு டிஸ்க் பக்கம் போகாதீர்கள், 8.5 ஜிபி ஒன்றைவிட சாதாரண டிஸ்க் இரண்டு மலிவு, பிழையும் குறைவு. திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ பாதுகாத்து வைக்க ஏற்றதல்ல.

மடிக்கணினியில் ரைட்டரையே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் யூஎஸ்பியில் மாட்டும் மெல்லிய ரைட்டரை வாங்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் போதாமல் எழுதும்போதே நின்றால் டிஸ்க் மேல் பழி விழும். இரண்டு தலை உள்ள கேபிளை, ஹப் இல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. கல்யாண டிவிடியின் மேல் மணமக்கள் படம் போட்ட பசைக் காகிதத்தை ஒட்டித் தரும் ஸ்டுடியோக்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். வெயிலில் காகிதம் சுருங்கி டிஸ்க் வளையும், சுழலும்போது எடை ஒருபக்கம் சாயும். பிரிண்டபிள் டிஸ்க்கில் நேராக அச்சிடலாம். வீட்டில் எழுதுவோர் தண்ணீர் சார்ந்த மார்க்கர் பயன்படுத்துங்கள். சிடியில் இது இன்னும் முக்கியம். அதன் சாயம் பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

பென்டிரைவ் இருக்க இது எதற்கு என்பவர்களுக்கு: டிஸ்க் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருமுறை எழுதிய டிஸ்க்கை வைரஸ் அழிக்காது, யாரும் தெரியாமல் டெலீட் செய்ய முடியாது.

இப்போது படிக்காத உங்கள் டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. வேறு இரண்டு மூன்று ரைட்டர்களில் போட்டுப் பாருங்கள். வாசிப்பு வேகத்தைக் குறைத்து, டிவிடிசாஸ்டரின் தகவமை வாசிப்பில் விட்டால், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு முயலும். ஒரே டிஸ்க்கை அப்படியே இரண்டு பிரதியாக எழுதி வைத்திருந்தால், இரண்டிலும் சேதம் வேறு வேறு இடத்தில் இருக்கும். முதல் பிரதியிலிருந்து கிடைத்ததைச் சேமித்த அதே படிமக் கோப்பில் (டிஸ்க்கின் முழு நகல்) இரண்டாவதையும் வாசிக்கவிட்டால் விட்டுப்போன இடங்கள் நிரம்பும்.