பனிமேல் கேமராவைச் சுழற்றியது யார்?

கேள்வி: நார்வேயின் தொடக்ககால ஒளிப்பதிவாளர் பால் பெர்கெயின் படப்பட்டியலைத் தொகுக்கிறேன். 1925இல் துருவ ஆய்வாளர்கள் ஆமுண்ட்சென், எல்ஸ்வொர்த் வடதுருவம் நோக்கிப் பறந்த பயணத்தின் படம் முழுவதையும் அவர் பெயரில் சேர்க்கலாமா? டிஜிட்டல் பிரதி ஓடும் நேரத்தையே நீளமாகக் குறிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

பெர்கெ விமானத்தில் ஏறவே இல்லை. மே 21 அன்று ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கிங்ஸ் பேயிலிருந்து என்24, என்25 என்ற இரு டார்னியர் வால் விமானங்களில் போனவர்கள் ஆறு பேர்: ஆமுண்ட்சென், எல்ஸ்வொர்த், ரீசர்-லார்சன், டீட்ரிக்சன், ஃபாய்ஹ்ட், ஓம்டால். சுமார் 87°44' வடக்கில் பனிமேல் எடுத்த காட்சிகள் விமானி ஓஸ்கார் ஓம்டால் கணக்கில் வரும். ஓம்டாலே சட்டகத்துக்குள் நின்றால் கைப்பிடியைச் சுழற்றியது வேறொருவர். அங்கே பெயர் போடாமல் விடுங்கள்.

விமானம் மேலெழும் காட்சியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். என்24ஐக் கைவிட்டு ஜூன் 15 அன்று ஆறு பேரும் என்25இல் ஏறித் திரும்பினார்கள். வெளியே நின்று படமெடுக்க ஓர் ஆள்கூட மிச்சமில்லை. ஆகவே வெளியிலிருந்து எடுத்த புறப்பாடு எதுவானாலும், படத்தில் அது எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருந்தாலும், துருவப் பனியிலிருந்து கிளம்பியது அல்ல.

நீளத்தை மீட்டரில் குறியுங்கள். கைச்சுழற்சிக் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 சட்டகம் (ஃபிலிமில் பதியும் தனித்தனிப் படம்). நொடிக்கு இரண்டு சுற்று, அதாவது 16 சட்டகம் என்பது வழக்கம். 35 மி.மீ. ஃபிலிம் 300 மீட்டர் அந்த வேகத்தில் 16 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நொடிக்கு 24 சட்டகம் என்று ஓட்டினால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். காட்சி எதுவும் வெட்டுப்படாமலேயே மூன்றில் ஒரு பங்கு நேரம் காணாமல் போகும். மனிதர்கள் துள்ளித் துள்ளி நடந்தால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் கை ஒரே சீராகச் சுழலாது, குளிரில் எண்ணெய் இறுகினால் இன்னும் மோசம். எனவே காட்சிக்குக் காட்சி வேகம் மாறலாம்.

அசல் சுருளையே பார்க்க வாய்த்தால் ஓரத்தைப் பாருங்கள். கோடாக் ஃபிலிமில் முதலில் சதுரமும் அடுத்து முக்கோணமும் குறியாக இருந்தால் 1925இல் தயாரான ஃபிலிம். அதே குறி 1945இலும் வரும். கறுப்புப் பின்னணியில் வெளிறித் தெரிவது நெகட்டிவிலிருந்து பதிந்து வந்த குறி, வெளிறிய ஓரத்தில் கறுப்பாக இருப்பது அந்தப் பிரதியின் சொந்தக் குறி. இரண்டும் ஒரே ஆண்டைக் காட்ட வேண்டுமென்பதில்லை. பிற்காலப் பிரதி என்றால் அதைத் தனியே எழுதுங்கள். பழைய நைட்ரேட் வகை ஃபிலிம் சுருளானால் புரொஜக்டரில் ஓட்டவே கூடாது, தீப்பற்றும்.