கஷ்ட காலத்தில் விசுவாசம் வளருமா?

வேலை போய்விட்டது, அப்பாவும் படுக்கையில், ஜெபிக்க வாயே வரவில்லை என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். விசுவாசம் குறைந்ததால்தான் இந்தத் துன்பம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வேதத்தில் பெருந்துன்பம் பட்ட யோபுவிடம் அப்படிப் பேசிய நண்பர்களைத்தான் கர்த்தர் கடிந்துகொண்டார்.

ஜெபம் வராதபோது சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 13-ம் சங்கீதம் ஆறே வசனம்தான். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பாட்டில் முடிகிறது. 88-ம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி கிடையாது. அதையும் வேதம் ஜெபமாகவே வைத்திருக்கிறது! எனக்கு இது பெரிய தேறுதல். அழுது முறையிடுகிறவர் இன்னும் ஆண்டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

போர்ச்சுகலில் இருந்து வந்து மதுரை மிஷனில் ஊழியம் செய்த குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1686-ல் மறவர் சீமையில், அதாவது இராமநாதபுரம் பகுதியில், பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். ஐரோப்பா போயும் திரும்பி வந்து, 1693-ல் ஓரியூரில் உயிரைக் கொடுத்தார். அந்தத் துணிவை உங்களிடம் இன்றைக்கே யாரும் கேட்கவில்லை. ரோமர் 5-ல் உபத்திரவத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே பொறுமை வருகிறது. அதற்குக் காலம் பிடிக்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். போதகரிடமோ ஜெபக்கூட்டத்துப் பெரியவர் ஒருவரிடமோ மருந்துச் செலவு உட்பட உள்ளதைச் சொல்லுங்கள். தூக்கமே போய் மனம் தளர்ந்தால், அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தயங்காமல் போங்கள், டாக்டரைப் பார்ப்பதால் விசுவாசம் குறையாது.