ஏறுகிறீர்கள், இறங்குவதில்லை: மலையோட்டம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலம் கோரிமேட்டில் வசிக்கிறேன், வங்கிப் பணி. ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே கடந்து ஏற்காட்டை அடைந்து, பேருந்தில் திரும்பிவிடுவேன். இங்கிலாந்தின் மலையோட்டங்களையும் அமெரிக்காவின் விசித்திரமான நெடுந்தூரப் போட்டிகளையும் பற்றி அறிந்தது முதல் நகரத்து மாரத்தான்களில் மனம் ஒட்டவில்லை. என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் இவற்றுக்கு ஆசைப்படலாமா? நம் சேர்வராயன் மலையில் அப்படி ஒன்றை நடத்த இயலுமா? வீட்டில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

ஆசைப்படலாமா என்று கேட்கிறீர்கள். இந்த ஓட்டங்களை உருவாக்கியவர்களே சாதாரண ஆட்கள்தாம். 1932-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் தொட்டுத் திரும்பிய பாப் கிரகாம், கெஸ்விக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1975-இல் அதே கால அளவுக்குள் 72 சிகரங்களைத் தொட்ட ஜாஸ் நெய்லர், ஆடு வளர்த்த விவசாயி. கிரகாமின் பாதையில் ஏற்றம் மட்டும் சுமார் 8,200 மீட்டர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டை ஒரே நாளில் ஏறத்தாழ ஏழு முறை ஏறுவதற்கு அது சமம். இன்றும் அதை முடிப்பவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. ஒவ்வொரு சிகரத்திலும் உடன் வந்த ஒருவர் சாட்சி சொன்னால் போதும், முடித்தவரின் பெயர் கிரகாம் பெயரிலுள்ள சங்கத்தின் பட்டியலில் ஏறிவிடும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடக்கும் பார்க்லி ஓட்டத்தில் காட்டுக்குள் ஆங்காங்கே புத்தகங்களை வைத்திருப்பார்கள். ஓடுபவர் தம் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்ட வேண்டும். ஐந்து சுற்றுகளுக்கு 60 மணி நேரம். 2024-இல் ஜாஸ்மின் பாரிஸ், 99 நொடிகள் மீதமிருக்க, அதை முடித்த முதல் பெண்ணானார். அவரும் தொழிலால் கால்நடை மருத்துவர். (வீட்டார் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை; இத்தகைய பைத்தியங்களில் மருத்துவர்களும் உண்டு என்று மட்டும் சொல்லி வையுங்கள்.)

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு: பேருந்தில் திரும்புகிறீர்கள். மலையோட்டத்தின் பாதியை ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள் என்பேன். ஏற்றத்தில் தேர்ந்த ஓட்டக்காரர்களும் கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு தெரிவது இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை, உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுருங்கி உழைக்கப் பழகிய தசை இப்படி நீண்டு உழைக்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவதால், வலி அன்றே தெரியாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடி, மாடிப்படி இறங்குவதே தண்டனையாகிவிடும். ஆனால் ஒருமுறை அந்தச் சேதத்தைக் கண்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு நோவதில்லை; இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நீடிக்கிறது. ஆகவே முதல் சில வாரங்கள் கடைசி ஐந்தாறு வளைவுகளை மட்டும் இறங்கிப் பழகிப் பின் மெல்லக் கூட்டுங்கள். எட்டிப் போடும் நீண்ட அடி முழங்காலைத்தான் தாக்கும். குறுகிய, விரைவான அடிகளே நல்லவை. பார்வை பாதத்தில் இல்லாமல் நான்கைந்து காலடி முன்னால் இருக்கட்டும். வளைவுகளில் பேருந்துகள் அகன்று திரும்புவதால், சுற்றுலாக் கூட்டம் வருமுன் இறங்கி முடிப்பது நல்லது.

இனி நம் மலையில் நடத்துவது பற்றி. ஏரி மாவட்டத்துக் குன்றுகள் ஆடு மேய்ந்து புல் தாழ்ந்த வெட்டவெளிகள். அங்கே விரும்பிய திசையில் நடப்பது நெடுநாள் வழக்கம்; இன்று சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அதனால்தான் அடையாளமிட்ட பாதையின்றி, வரைபடத்தையும் திசைகாட்டியையும் நம்பி ஓடும் ஓட்டம் அங்கே வளர்ந்தது. சேர்வராயன் மலையில் பாதையை விட்டு விலகினால் உண்ணிச்செடிப் புதரோ, எஸ்டேட் வேலியோ, வனத்துறையின் காப்புக்காடோ குறுக்கே நிற்கும். அனுமதியின்றி அங்கு நுழைவது குற்றம். அந்த வடிவத்தை இங்கே இறக்குமதி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘பேக்யார்ட் அல்ட்ரா’ என்னும் வடிவம். ஒவ்வொரு மணி நேரமும் 6.7 கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றை முடித்து, அடுத்த மணி அடிக்கும்போது மீண்டும் கோட்டில் நிற்க வேண்டும்; நிற்காதவர் விலக, கடைசியாக ஒருவர் எஞ்சும்வரை ஓட்டம் தொடரும். 24 சுற்று ஓடினால் 100 மைல் என்பதே அந்த விந்தையான தூரத்தின் கணக்கு. வேகமாக ஓடி மீந்த நேரத்தில் படுப்பவரும், மெதுவாக ஓடி நேரே கோட்டுக்கு வருபவரும் ஒவ்வொரு மணியும் சமமாகிவிடுகிறார்கள் என்பதால், இது உங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு மிகவும் நியாயமான போட்டி. சில்வர் ஓக் நிழலில் எஸ்டேட்டுக்குள் சுற்றிவரும் மண்சாலை ஒன்றை உரிமையாளரின் இசைவோடு பெற முடிந்தால் போதும். வாகனத் தொல்லையும் இல்லை.

ஆனால் இரவுச் சுற்று வேண்டாம். காட்டெருமைகள் மேய்ச்சலுக்கு வெளிப்படுவது பெரும்பாலும் வைகறையிலும் அந்தியிலும் இரவிலும்தான். நன்றாக விடிந்தபின் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே பத்துச் சுற்றோடு நிறுத்தினாலும் 67 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. மழைக்காலத்தில் அட்டை, குளிர்காலத்தில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும்போது எந்த எஸ்டேட்டும் உங்களுக்கு வழிவிடாது, மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டமும் கோடைக் கூட்டமும். மார்ச் மாதத்தைக் கேட்டுப் பாருங்கள்.