கை மரத்துப்போவதும் செருப்பு கழல்வதும் கழுத்துப் பிரச்சினையாக இருக்கலாம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாக இரண்டு கையும் மரத்துப்போகிறது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை, நடக்கும்போது செருப்பு கழன்றுபோவதுகூடத் தெரிவதில்லை. நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டும் கேட்கவில்லை. கழுத்தில் எண்ணெய் தேய்த்து நீவி விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கழுத்தை யாரும் நீவவோ, திருப்பி நெட்டி எடுக்கவோ கூடாது.

எனக்குக் கவலை தருவது அந்தச் செருப்பு விஷயம்தான். கை மட்டும் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு, சர்க்கரை என்று பல காரணம் சொல்லலாம். கையும் காலும் சேர்ந்து தடுமாறினால் கழுத்துக்குள் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து கை காலுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை, நசுங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கழுத்துவலியே இல்லாமலும் இது வரும், அதனால்தான் ஊசியும் மாத்திரையுமாகவே காலம் ஓடிவிடுகிறது. அம்மாவை 10 விநாடிக்குக் கையை இறுக்க மூடி, முழுசாக விரிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 20 தடவையாவது வரும், ரொம்பக் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

தேய்ந்த டிஸ்க் (கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை), எலும்பு முள் (எலும்பு ஓரத்தில் வளரும் துருத்தல்) இவைதான் வழக்கமான காரணம். ஆனால் நம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு என்ற தாது உப்பையும் மறக்கக் கூடாது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. அதைவிட மிக அதிகமுள்ள போர் தண்ணீரையே பல வருடம் குடித்தவர்களுக்கு, முதுகெலும்புகளைக் கட்டிப்பிடித்திருக்கும் நார்கள் எலும்பாகவே இறுகி, தண்டுவடத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். பல்லில் பழுப்புக் கறை, குனிய முடியாத முதுகு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், முன்கை எக்ஸ்ரேயிலேயே தடயம் தெரியலாம். தண்டுவடம் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். கூடவே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவும் பாருங்கள், அது குறைந்தாலும் இதே மாதிரி தடுமாற்றம் வரும்.

லேசான நசுக்கம் என்றால் கண்காணித்து வரலாம். நடையே தடுமாறினால் பெரும்பாலும் ஆபரேஷன்தான், முன்பக்கமாக டிஸ்க்கை எடுத்தோ பின்பக்கமாக எலும்பைத் திறந்தோ இடம் கொடுப்பார்கள். போன பலம் ஓரளவு திரும்பும், முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. மேலும் மோசமாகாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கால் திடீரென்று பலமிழந்தாலோ உடனே 108.

அப்புறம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதென்றால் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுவே போதும். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.